மணி அடித்தால் எழுந்து போவது யார்?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். விஷயம் கம்ப்யூட்டர் பற்றியது. ஆனால் கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கடைசியில் நம் வீட்டு விஷயமும் ஒன்று வருகிறது. அதனால் சொந்தக்காரர்கள் பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட வேண்டாம்!

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். தீபாவளி சமயத்தில் போனில் பேசும்போது, மூன்று ராத்திரி தூங்கவில்லை என்றான். ஏனப்பா என்றேன். "32 கோர் இருக்கிற மெஷின் டீச்சர். 31 கோர் சும்மா உட்கார்ந்திருக்கு. ஒண்ணு மட்டும் நூறு சதவீதம் வேலை பார்த்துத் தவிக்குது. அதனால மொத்த மெஷினும் ஸ்லோ" என்றான். எல்லா மணியும் அந்த ஒரே கோருக்கு அடித்துக்கொண்டிருந்ததாம்.

அந்த வாக்கியம் எனக்குள் ஒட்டிக்கொண்டது. நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள். ஆனாலும் விடவில்லை. அண்ணன் மகன் ஒதுக்கிப்போட்ட பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அதில் பார்த்தும், படித்தும், அந்தப் பையனைத் துளைத்தெடுத்தும் புரிந்துகொண்டதை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

முதலில் இந்த "மணி" என்ன என்று பார்ப்போம்.

வகுப்பில் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, "நீ முடிச்சிட்டியா? நீ முடிச்சிட்டியா?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டே போகலாம். அது ஒரு முறை. "முடிச்சவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இது இன்னொரு முறை. கம்ப்யூட்டரில் கீபோர்டு, ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் இந்த இரண்டாவது முறையில்தான் பிராசசரைக் கூப்பிடுகின்றன. அப்படிக் கை தூக்குவதற்குப் பெயர் இன்டரப்ட். தமிழில் குறுக்கீடு.

மணி அடித்ததும் பிராசசர் தன் கையில் இருந்த வேலையை எந்த இடத்தில் விட்டது என்று குறித்துவைக்கிறது. வந்த குறுக்கீட்டுக்கு ஓர் எண் உண்டு. இன்டெல் வகை பிராசசர்களில் ஒவ்வொரு கோருக்கும் இப்படி 256 எண்கள். முதல் 32, பூச்சியத்தால் வகுப்பது போன்ற பிராசசரின் சொந்தச் சிக்கல்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மீதியிலிருந்துதான் வெளிச் சாதனங்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பார்த்து, அந்தச் சின்ன வேலையை முடித்து, குறித்துவைத்த இடத்துக்குத் திரும்பிவந்து பழைய வேலையைத் தொடர்கிறது. இதையெல்லாம் நிர்வகிப்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையமான கர்னல்.

1981-இல் ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தபோது இப்படிக் கூப்பிட 8 கம்பிகள்தான் இருந்தன. 8259 என்ற ஒரு சின்ன சிப் அவற்றைக் கவனித்துக்கொண்டது. 1984-இல் வந்த அடுத்த மாடலில் இன்னொரு சிப்பைச் சேர்த்தார்கள். இரண்டையும் இணைக்க ஒரு கம்பி போனதால் 15 மிஞ்சியது. அன்று கீபோர்டுக்குக் கொடுத்த எண் 1. என் லேப்டாப்பிலும் கீபோர்டின் எண் 1-தான்! பழைய பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டு எண் மாறாமல் இருப்பதுபோல.

அந்தக் காலத்தில் "யார் போவது?" என்ற கேள்வியே இல்லை. இருந்தது ஒரே பிராசசர். ஓராசிரியர் பள்ளி மாதிரி. வாசலில் யார் வந்தாலும் அவர்தான் எழுந்து போக வேண்டும்.

ஒரே மெஷினில் இரண்டு, நான்கு பிராசசர்கள் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1990-களில் இன்டெல் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு பிராசசருக்கும் சொந்தமாக ஒரு வரவேற்பாளர், சாதனங்களின் பக்கத்தில் பொதுவாக ஒரு வரவேற்பாளர். பொது ஆள் மணியை வாங்கி, எந்தப் பிராசசரின் ஆளிடம் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுப்பார். இதற்கு ஏபிக் என்று பெயர். 1996-இல் வந்த லினக்ஸ் 2.0-தான் பல பிராசசர்களைக் கையாளத் தெரிந்த முதல் லினக்ஸ் வெளியீடு. பின்னால் வந்த சாதனங்களுக்குத் தனிக் கம்பிகூட வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு முகவரியில் ஒரு சின்னச் செய்தியை எழுதினால் அதுவே மணி. இப்போதைய முறையில் ஒரே சாதனம் 2048 மணிகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

8 கம்பியிலிருந்து 2048 மணிக்கு வந்துவிட்டோம். அதை யார் யாருக்குப் பிரித்துக்கொடுப்பது?

லினக்ஸில் ஒவ்வொரு மணிக்கும் "இன்னின்ன கோர்கள் இதை எடுக்கலாம்" என்று ஓர் எண் எழுதிவைக்கப்பட்டிருக்கும். அதை மாஸ்க் என்கிறார்கள். மளிகைக்கடைத் தராசுக் கற்கள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கோருக்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4, பிறகு 8. கோர்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது அவர்கள் வழக்கம். மாஸ்கில் 4 என்று இருந்தால் 2-ஆம் எண் கோர் மட்டும் எடுக்கலாம். 3 என்று இருந்தால் 1-ம் 2-ம் சேர்ந்தது, ஆகவே 0, 1 ஆகிய இரண்டு கோர்களும் எடுக்கலாம். 15 என்றால் நான்கு கோரும் எடுக்கலாம். கற்களைக் கூட்டத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும்.

இங்கே ஒரு நுணுக்கம். "நான்கு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று எழுதியிருந்தாலும், இன்றைய லினக்ஸ் இன்டெல் வகை மெஷின்களில் நடைமுறையில் ஒரே ஒரு கோரைத் தேர்ந்து அந்த மணியை அதன் பெயரில் எழுதிவிடுகிறது. எப்படித் தேர்கிறது தெரியுமா? யார் பெயரில் குறைந்த எண்ணிக்கையில் மணிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அந்தக் கோருக்குக் கொடுக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆளுக்குச் சமமாகப் பங்கு.

ஆனால் அது எண்ணுவது மணிகளை மட்டும். எந்த மணி ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கீபோர்டு மணியும் ஒரு மணிதான், நெட்வொர்க் கார்டு மணியும் ஒரு மணிதான். நான் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் கீபோர்டு நொடிக்குப் பத்து இருபது முறைக்குமேல் கூப்பிடாது. நெட்வொர்க் கார்டு அப்படியா? நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள கம்பியில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால், ஒரு நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் பாக்கெட்டுகள் வந்து விழலாம். அவரவர் பெயரில் "ஒரு பொறுப்பு" என்றுதான் எழுதியிருக்கிறது. ஒருவர் ஓய்வாக இருப்பார், இன்னொருவர் மூச்சுவிட முடியாது.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. லினக்ஸில் "ப்ராக்" என்ற அடைவுக்குள் "இன்டரப்ட்ஸ்" என்று ஒரு கோப்பு உண்டு. திறந்தால் நம் மதிப்பெண் பட்டியல் மாதிரியே இருக்கும். மேலே ஒவ்வொரு கோருக்கும் ஒரு பத்தி. கீழே ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரிசை. கட்டங்களில், மெஷினைப் போட்டதிலிருந்து எத்தனை முறை அடித்தது என்ற எண்ணிக்கை. நான் ஒரு விசையைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். கீபோர்டு வரிசையில் எண் ஏறியிருந்தது. அழுத்தினால் ஒன்று, விட்டால் ஒன்று! சின்னப் பிள்ளை மாதிரி ரொம்ப நேரம் விளையாடினேன். என் லேப்டாப்பில் அந்த எண்ணிக்கை முழுவதும் ஒரே பத்தியில் இருந்தது. மற்ற மூன்று கட்டங்களிலும் பூச்சியம்.

நம் பையன் மூன்றாவது ராத்திரி பார்த்ததும் இந்தப் பட்டியலைத்தான். நெட்வொர்க் கார்டுக்கு ஒரே ஒரு வரிசை மட்டும் திறந்திருந்தது. அந்த வரிசையின் மணி ஒரே கோரின் பெயரில். 31 பத்தியில் பூச்சியம், ஒரு பத்தியில் கோடிக்கணக்கு.

"அப்படியானால் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஒவ்வொரு கோருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். முன்பெஞ்சுப் பிள்ளைக் கேள்வி. அவன் சிரித்துவிட்டு, அது இன்னும் மோசம் என்றான்.

ஒவ்வொரு கோருக்கும் பக்கத்திலேயே கேஷ் என்ற சின்ன நினைவகம் உண்டு. மேசை மேல் விரித்துவைத்த நோட்டு மாதிரி. ஒரு பிள்ளையின் கட்டுரையைப் பாதி திருத்தியவர் மீதியையும் திருத்தினால் சீக்கிரம் முடியும். பாதியில் அடுத்த ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதுபோல ஒரு தொடர்பின் விவரங்கள் ஒரு கோரின் கேஷில் இருக்கும்போது அடுத்த பாக்கெட்டை வேறு கோரிடம் கொடுத்தால், விவரங்களையெல்லாம் அது மறுபடி வரவழைக்க வேண்டும். பாக்கெட்டுகளின் வரிசையும் கலைந்துபோகலாம்.

அதனால் நல்ல நெட்வொர்க் கார்டுகள் வேறொரு தந்திரம் செய்கின்றன. அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, இருபக்க போர்ட் எண்கள், இவற்றை வைத்து ஒரு கணக்குப் போடும். வரும் விடையைப் பொறுத்து எந்த வரிசை, எந்தக் கோர் என்று முடிவாகும். ஒரே தொடர்புக்கு எப்போதும் ஒரே விடைதான் வரும். எனவே உங்கள் போன் பேசும் பேச்செல்லாம் ஒரு கோருக்கே போகும், என் பேச்சு இன்னொரு கோருக்குப் போகும். இப்படிப் பல வரிசை இல்லாத சாதாரணக் கார்டுகளுக்காக, இதே பிரிப்பை லினக்ஸ் தானே செய்யும் வசதியை கூகுள் பொறியாளர் டாம் ஹெர்பர்ட் எழுதினார். 2010-இல் 2.6.35 வெளியீட்டில் அது வந்தது. ஆக, ஆள் மாறாமல் இருப்பதும் முக்கியம், ஒரே ஆள் தலையில் விழாமல் இருப்பதும் முக்கியம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் கஷ்டம்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 1996-இல் ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். பாக்கெட்டுகள் அளவுக்கு மீறி வரும்போது பிராசசர் மணிக்கு எழுந்து எழுந்து போவதிலேயே முழு நேரமும் செலவாகிவிடும். வாங்கிவைத்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துப் பதில் அனுப்ப நேரமே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் மும்முரமாக வேலை நடப்பது தெரியும். முடிந்த வேலை பூச்சியம். இதை லைவ்லாக் என்கிறார்கள். இந்த இடத்தில் என் வாசகிகள் பலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

இதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸில் அது சேர்ந்தது. முதல் மணி அடித்ததும், "சரி, வந்துட்டேன், இனி நீ மணி அடிக்காதே" என்று கார்டின் மணியை நிறுத்திவிடுவது. பிறகு கோர் தானே போய் வரிசையில் இருப்பதை அள்ளிக்கொண்டு வருவது. ஒரு நடைக்கு அதிகபட்சம் 64 பாக்கெட் என்பது வழக்கமான அளவு. வரிசை காலியானால் மணியை மறுபடி திறந்துவிடுவது. கார்டிலேயே இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கூப்பிடாமல் கொஞ்சம் சேர்த்துவைத்து ஒரே முறை கூப்பிடும்.

இன்னொரு விஷயம். மணிக்கு எழுந்து போவது வேலையின் மேல் பாதிதான். சுற்றறிக்கையை வாங்கிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைப்பது மாதிரி. அதைப் படித்துப் பதில் எழுதுவது கீழ்ப் பாதி. அதுதான் பெரிய வேலை. லினக்ஸில் வழக்கமாக மேல் பாதியை எந்தக் கோர் எடுத்ததோ, கீழ்ப் பாதியும் அதன் தலையில்தான். ஆகவே "சும்மா போனை எடுத்துப் பேசு, அவ்வளவுதானே" என்று ஒருவரிடம் மணியைக் கொடுத்தால், அதன் பின்னால் வரும் வேலையையும் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் யார் சரிபார்ப்பது? "ஐஆர்க்யூ பேலன்ஸ்" என்று ஒரு புரோகிராம் பல லினக்ஸ் மெஷின்களில் பின்னணியில் ஓடும். வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை நான் மேலே சொன்ன அதே பட்டியலைப் பார்க்கும். எந்தக் கோர் திணறுகிறது என்று கண்டால் சில மணிகளை வேறு கோரின் பெயருக்கு மாற்றி எழுதும். பெரிய அதிகாரம் ஒன்றும் அதற்கு இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து, மாஸ்கை மாற்றுகிறது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சில வேலைகளுக்குக் குறுக்கீடே கூடாது. பாட்டுப் பதிவு, தொழிற்சாலையில் ரோபோ கையை நகர்த்துவது போன்றவை. அதற்காக ஒரு கோரைத் தனியாக ஒதுக்கிவைக்க லினக்ஸில் வழி உண்டு. ஆனால் மற்ற வேலைகள் வராதபடி ஒதுக்கினால் மட்டும் போதாது. அந்தக் கோரின் பெயரில் உள்ள மணிகளையும் தனியாக வேறு கோர்களுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோர் தனியறையில் உட்கார்ந்திருக்கும், மணி மட்டும் அங்கேயே அடித்துக்கொண்டிருக்கும். இப்படி அவசர வேலைக்கு முதலிடம் கொடுக்கும் ஏற்பாடுகளை தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் சுமார் 20 ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்கள். 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-இல்தான் அது முழுதாகப் பொதுக் கர்னலில் சேர்ந்தது.

எவ்வளவு செய்தாலும் மாற்ற முடியாத மணிகளும் உண்டு. ஒவ்வொரு கோருக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகார மணியை அந்தக் கோர்தான் எடுக்க வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஒரு கோரை நிறுத்திவிட்டால் அதன் பெயரில் இருந்த மற்ற சாதனங்களின் மணிகளை உயிரோடிருக்கும் கோர்களுக்குக் கர்னல் மாற்றிக்கொடுக்கும். அந்தக் கோர் திரும்பி வந்ததும் அவை தாமாகத் திரும்பி வருவதில்லை. யாராவது மாற்றி எழுதும்வரை போன இடத்திலேயே இருக்கும். டிஸ்க் போன்ற சிலவற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு உண்டு.

பாடம் இத்துடன் முடிந்தது. இனி நம் விஷயம்.

ஈராசிரியர் பள்ளியில் நான் வேலை பார்த்தது என் பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு எனக்கு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. கணக்குப்படி எனக்கு மூன்று வகுப்பு, அவருக்கு இரண்டுதான். ஆனால் தபால் வந்தால் அவர், சத்துணவு அரிசி வந்து இறங்கினால் அவர், பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தால் அவர், அலுவலகத்தில் இருந்து அவசரப் புள்ளிவிவரம் கேட்டால் அவர். அவர் எழுந்து போகும்போதெல்லாம் கரும்பலகையில் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு பாதியில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள்தான். யாரும் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வாசல் பக்கத்து அறையில் இருந்தவர் எழுந்து போனார், அவ்வளவுதான்.

இப்போது சொந்தக்காரர்களுக்கு.

அம்மாவுக்கு 87 வயது. தம்பி வீட்டில் இருக்கிறார். அப்பா காலமான பிறகு ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று பிரிக்கப்பட்டது உங்களுக்கெல்லாம் தெரியும். பென்ஷன், பேங்க் வேலை அண்ணனுக்கு. கண் டாக்டர் எனக்கு. வீட்டுக்கு வேண்டிய சாமான் தம்பிக்கு. "வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வது" தம்பி மனைவிக்கு. நான்கு பேர், நான்கு பொறுப்பு. பேங்க் வேலை மாதம் ஒருமுறை. கண் டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாமான் வாரம் ஒருமுறை. நான்காவது?

தம்பி மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறாள். அது பொழுதுபோக்கு வேலை இல்லை, வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் இரண்டு மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். "தைக்க உட்கார்ந்தா எழுந்திரிச்சிட்டே இருக்கேன் மதினி. ஒரு கை வெட்டி முடிக்க ஒரு நாள் ஆகுது" என்றாள்.

லேப்டாப்பில் பார்த்த பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நான்கு பத்தி போட்டேன். அம்மா சம்பந்தமாக யார் வேலையை விட்டு எழுந்தாலும் அவர் பத்தியில் ஒரு கோடு. ஒரு வாரம். அண்ணனும் நானும் எங்கள் கோடுகளை போனில் சொன்னோம். மொத்தம் 63 கோடு. அண்ணன் 1. நான் 4. தம்பி 6. அவள் 52.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த 52-இல் 19, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டு வந்த போன்கள். எல்லாம் பாசத்தில் வந்தவை. நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். ஆனால் 19 முறை தையல் மெஷினில் இருந்து கால் எடுத்தாள்.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு நான்கு பேரும் வீடியோ காலில் பேசினோம். சண்டை வரவில்லை. எண்ணிக்கை கண்முன் இருக்கும்போது சண்டைக்கு அவ்வளவு இடம் இருக்காது.

செய்த மாற்றங்கள் இவை. மருந்துக்கடை, மருந்துச் சீட்டு முழுவதும் இனி என் பொறுப்பு. பட்டியல் என்னிடமே இருக்கும், இன்று ஒருவர் நாளை ஒருவர் வேண்டாம். பாதி தெரிந்தவர் மருந்து வாங்கினால் ஒன்று இரட்டிப்பாகும், ஒன்று விட்டுப்போகும். டாக்டரிடம் நேரம் வாங்குவது, பிசியோதெரபி செய்பவரிடம் பேசுவது அண்ணனுக்கு. சென்னையில் இருந்தாலும் போனில் பேச முடியும் அல்லவா? காலை 10 மணி முதல் 1 மணி வரை அவள் தையல் நேரம். "நீ தைம்மா, யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்று சொன்னால் மட்டும் மணி நிற்காது. அதனால் அந்த மூன்று மணி நேரமும் அவள் போனுக்கு வரும் அழைப்பு என் போனுக்கு வரும்படி மாற்றிவைத்தோம். தினமும் சாயங்காலம் 7 மணிக்குத் தம்பி குடும்பக் குரூப்பில் அம்மாவைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவான். அம்மாவும் அதில் இரண்டு வார்த்தை பேசுவார்.

எல்லாம் மாறிவிட்டதா என்றால், இல்லை. அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போக அவள்தான் வேண்டும். அம்மா வேறு யார் கையையும் பிடிக்க மாட்டார். ராத்திரி கூப்பிட்டால் அவள்தான். அதை எந்த அட்டையிலும் வேறு பத்திக்கு மாற்ற முடியாது. மாற்ற முடியாத வேலை ஒருவரிடம் இருப்பதால்தான், மாற்ற முடிந்ததையெல்லாம் அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் கோடு போட்டோம். மொத்தமே 44 ஆகக் குறைந்திருந்தது. அவள் பத்தியில் 21. என் பத்தியில் 12. இப்போதும் சமம் இல்லை. ஆனால் அந்த வாரம் ஒப்புக்கொண்ட பிளவுஸ் அத்தனையும் சொன்ன தேதியில் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் அவள் தன் அம்மா வீட்டுக்கு நான்கு நாள் போய்வந்தாள். நான் போய் இருந்தேன். வேலைகள் எங்களுக்குள் பிரிந்து நன்றாகவே நடந்தன. அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபோதே மருந்துக்கடையில் இருந்து அவளுக்கு போன்! கர்னலில் போன மணி தானாகத் திரும்பாது என்று சொன்னேன். வீட்டில் தானாகவே திரும்பிவிடுகிறது. அதனால்தான் 10 நொடிக்கு ஒருமுறை இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறையாவது கோடு போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

சொந்தங்களே, இனி அம்மாவைப் பற்றிக் கேட்க 7 மணி மெசேஜைக் கேளுங்கள். அதற்குமேல் பேச வேண்டுமானால் எனக்கு போன் செய்யுங்கள். நேரில் வந்து பார்த்தால் இன்னும் சந்தோஷம். வரும்போது ஒரு மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்காருங்கள், அவள் வெளியே போய்வரட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு வாரம் இப்படிப் பத்தி போட்டுக் கோடு போடுங்கள். பொறுப்புகளை எண்ணாதீர்கள், எழுந்து போன தடவைகளை எண்ணுங்கள். முடித்தவர்கள் கையைத் தூக்குங்கள், அதாவது கமெண்ட்டில் சொல்லுங்கள். கர்னல் பக்கம் வேலை செய்யும் பிள்ளைகள் யாராவது இருந்தால், நான் சொன்னதற்கு மேல் தெரிந்ததைச் சேர்த்து எழுதுங்கள். டீச்சருக்கும் படிக்க ஆசை இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்